ஒரே நகரில் எல்லாருக்கும் இடம்: வளரும் சின்ன ஊரில் கட்டுப்படியாகும் குடியிருப்பு



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தோம். மனை வாங்க, மனைத் தவணை கட்ட, வீட்டு அட்வான்ஸ் கொடுக்க என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மாட்டுக்கடன் கேட்டவர்களைவிட மனைக்கடன் கேட்டவர்கள் அதிகம். அப்போது ஒரு உறுப்பினர் எழுந்து, "நான் மூணு வருஷமா மாசத் தவணை கட்டுனேன். இப்ப பத்திரம் பதிய முடியாதுங்கறாங்க. காட்டுக்குள்ள கல்லு மட்டும் நிக்குது. எங்க போயி கேக்கறது?" என்றார். கூட்டமே அமைதியாகிவிட்டது. அவரைப் போல இன்னும் சிலர் கையைத் தூக்கினார்கள். அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

நம்ம ஊரில் என்ன நடக்கிறது?

ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு வருகிறது. அதையொட்டி ஒரு கல்லூரி, ஒரு மில், ஒரு கல்யாண மண்டபம் வருகின்றன. அடுத்த வருடமே பக்கத்துக் காடுகளில் கலர் கொடி பறக்கிறது. வேன் வைத்துக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, மனை காட்டுகிறார்கள். சென்ட் விலை ஏறிக்கொண்டே போகிறது.

இந்த ஊரைச் சுத்தம் செய்பவர், இட்லிக் கடை வைத்திருப்பவர், காய்கறிக் கூடை சுமப்பவர், மில்லுக்கு ஷிப்ட் போகிறவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர் எல்லாரும் இந்த ஊருக்கு வேண்டும். ஆனால் அவர்கள் குடியிருக்க ஊருக்குள் இடம் இல்லை. ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் மனை கிடைக்கிறது. அங்கே பஸ் இல்லை, தண்ணீர் இல்லை, தெருவிளக்கும் இல்லை. மனையில் மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போய்விடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண் பிள்ளைகளை நினைத்தால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரிதான்.

பெரிய ஊரிலும் இதைப் பார்த்தோம். சென்னையில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தூரத்து இடங்களுக்கும் மாற்றினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலை பார்த்த பெண்கள் பலர் வேலையை இழந்தார்கள், பிள்ளைகளின் படிப்பு தடைபட்டது. ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்ததால் அந்தப் பகுதிப் பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் வருத்தப்பட்டார்கள். வீடு மட்டும் கிடைத்தால் போதாது, அது எந்த இடத்தில், யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

கலப்புக் குடியிருப்பு என்றால் என்ன?

ஒரே நகரில் சின்ன மனை, நடுத்தர மனை, பெரிய மனை, கடை மனை எல்லாம் சேர்ந்து இருப்பதுதான் கலப்புக் குடியிருப்பு. கூலி வேலை செய்பவரும், கடை வைத்திருப்பவரும், ஆசிரியரும், அரசு ஊழியரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவார்கள். ஒரே ரேஷன் கடை, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே பஸ் ஸ்டாப். பெரிய மனைக்காரர் தரும் கூடுதல் விலை, சின்ன மனைக்காரரின் சுமையைக் குறைக்கும். வசதி உள்ளவர்களும் அங்கே குடியிருப்பதால் ரோடு பழுதானால் கேட்க ஆள் இருக்கும், தண்ணீர் வராவிட்டால் நகராட்சிக்குப் போன் போகும்.

இது கனவில்லை. நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

இந்தூரில் ஆரண்யா

மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூர் நகருக்கு வெளியே, சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில் ஆரண்யா என்ற குடியிருப்பு இருக்கிறது. இந்தூர் வளர்ச்சிக் குழுமம் இதை உருவாக்கியது. திட்டம் போட்டவர் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியும் அவருடைய வாஸ்து சில்பா நிறுவனமும். 1980-களில் வேலை நடந்தது. பரப்பு 85 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 210 ஏக்கர். மனைகள் சுமார் 6,500. அதில் பெரும்பகுதி மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கு. மிகச் சின்ன மனை சுமார் 35 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்டுக்கும் கொஞ்சம் குறைவு.

அங்கே செய்த முக்கியமான விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஏழைக் குடும்பத்துக்கு முழு வீடும் கட்டிக் கொடுக்கவில்லை. மனை, கான்கிரீட் பேஸ்மட்டம், கக்கூஸ் குளியலறை, தண்ணீர் குழாய், ஒரு அறை என்று தொடக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். மீதியைக் குடும்பம் தன் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு அறை, மகள் கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு அறை, மகன் வேலைக்குப் போனபின் மாடி. நாமும் இப்படித்தானே வீடு கட்டுகிறோம்? எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளைக் கட்டி வைத்தார்கள்.

இரண்டாவது, பத்து வீடுகள் ஒரு தொகுப்பு. எல்லாம் ஒரு தெருவைப் பார்த்து இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு முற்றம் இருக்கும். இருபது வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். தனித்தனியாகப் போட்டால் ஆகும் செலவு இதனால் குறைந்தது.

மூன்றாவது, வாசலில் திண்ணை. அங்கே உட்கார்ந்து கீரை ஆயலாம், தையல் போடலாம், சின்னக் கடை வைக்கலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்ணுக்கு வாசல்தான் தொழிற்கூடம்.

நான்காவது, மெயின் ரோட்டை ஒட்டிய மனைகளை வசதியானவர்களுக்கு நல்ல விலைக்கு விற்றார்கள். ஏழைகளின் மனைகளைப் பகுதிகளின் உட்பக்கத்தில் வைத்தார்கள். பள்ளி, கடை, பூங்கா எல்லாருக்கும் நடந்துபோகும் தூரத்தில் பொதுவாக அமைந்தன.

இந்தக் குடியிருப்புக்கு 1995-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. தோஷிக்கு 2018-ல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. இந்தியக் கட்டடக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அரண்மனை கட்டியவருக்குப் பாராட்டு கிடைப்பது வழக்கம்தான். கூலிக்காரர் வீட்டுக்குத் திண்ணை வைத்தவருக்கும் கிடைத்திருக்கிறது.

சென்னையிலும் நடந்தது

இதே போன்ற மனைத் திட்டங்கள் 1970-களின் கடைசியிலிருந்து சென்னையிலும் உலக வங்கிக் கடனில் நடந்தன. அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் ஆகியவை அப்படி உருவான இடங்கள். சின்ன மனை நிறைய, பெரிய மனை கொஞ்சம், கடை மனை சில என்று கலந்து போட்டார்கள். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஆள் வந்தார்கள். "ஊருக்கு வெளியே காட்டில் யார் வருவார்கள்?" என்று பலர் இதைத் தோல்வி என்றே எழுதிவிட்டார்கள். இருபது வருடங்களுக்குப் பிறகு சென்னை, மும்பை இடங்களை ஆராய்ச்சியாளர்கள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். வீடுகள் மாடி மாடியாக வளர்ந்து, கடைகள் வந்து, பல வருமானக்காரர்களும் சேர்ந்து வாழும் நல்ல பகுதிகளாக அவை மாறியிருந்தன. இந்த ஆய்வு 2018-ல் வெளியானது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது: குடியிருப்பு என்பது தென்னம்பிள்ளை மாதிரி. வைத்த வருடமே காய் கேட்கக் கூடாது. ஆனால் வைக்கும்போது இடைவெளி சரியாக விட்டு வைக்க வேண்டும். ரோடு, வடிகால், மனை அளவு மூன்றும் தொடக்கத்திலேயே சரியாக இருந்தால் மீதியை மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

"சின்ன மனையைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் நஷ்டம் யார் தலையில்?" என்று கேட்பீர்கள். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் வழியை மட்டும் பாருங்கள்.

ஊர் ஓரத்தில் 5 ஏக்கர், அதாவது 500 சென்ட். சென்ட் 50,000 ரூபாய் என்றால் நிலத்துக்கு 2 கோடியே 50 லட்சம். ரோடு, வடிகால், தண்ணீர், மின்சாரம், அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1 கோடியே 10 லட்சம் என்று வைப்போம். மொத்தச் செலவு 3 கோடியே 60 லட்சம்.

500 சென்டில் ரோட்டுக்கு 150 போகும். மீதி 350. அதில் பத்தில் ஒரு பங்கு, 35 சென்ட், பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும். அங்கன்வாடி, ரேஷன் கடை, குழுக் கட்டடம் ஆகியவற்றுக்கு 15 சென்ட். விற்பதற்கு மிஞ்சுவது 300 சென்ட். எல்லாரும் ஒரே விலை கொடுத்தால் சென்ட் 1,20,000 ரூபாய் ஆகும். அந்த விலையில் நம்மில் பலரால் வாங்க முடியாது.

இப்போது கலந்து போடுவோம்.

• 1 சென்ட் சின்ன மனைகள் 100. சென்ட் 60,000 ரூபாய். வரவு 60 லட்சம்.
• இரண்டரை சென்ட் நடுத்தர மனைகள் 40. சென்ட் 1,20,000 ரூபாய். வரவு 1 கோடியே 20 லட்சம்.
• 4 சென்ட் பெரிய மனைகள் 20. சென்ட் 1,60,000 ரூபாய். வரவு 1 கோடியே 28 லட்சம்.
• மெயின் ரோட்டில் 2 சென்ட் கடை மனைகள் 10. சென்ட் 2,60,000 ரூபாய். வரவு 52 லட்சம்.

கூட்டிப் பாருங்கள், 3 கோடியே 60 லட்சம் வந்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. லாபம் எடுத்துக்கொள்ளும் இடைத்தரகர் இல்லாததால்தான் இந்தக் கணக்கு சரிக்கட்டுகிறது. அந்த லாபமும் கடை மனையின் கூடுதல் விலையும் சேர்ந்து 100 குடும்பங்களுக்குப் பாதி விலையில் மனையாக மாறுகிறது.

60,000 ரூபாய் மனைக்குக் கையிலிருந்து சேமிப்பு 10,000 போட்டு, 50,000 கடன் வாங்கினால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, குறையும் நிலுவையில், 60 மாதத் தவணைக்கு மாதம் சுமார் 1,112 ரூபாய். அதே மனை 1,20,000 என்றால் 1,10,000 கடன் வாங்க வேண்டும், மாதம் சுமார் 2,447 ரூபாய் வரும். கூலி வேலை பார்க்கும் குடும்பம் முதல் தவணையைக் கட்டிவிடும். இரண்டாவதில் ஒரு காய்ச்சல் வந்தாலே தவணை தவறும், கந்துவட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும். இன்னொரு 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சின்ன மனைகளாக ஒதுக்க வேண்டும். ரோட்டையும் பொது இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும்.

இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊரைச் சுற்றிப் போடப்படும் ஒவ்வொரு பெரிய மனைப்பிரிவிலும் நலிந்தோருக்கான மனை எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மேலே சொன்ன 5 ஏக்கர் கணக்கில் விதிப்படி 35 சென்ட் விட்டால் போதும். நாம் 100 சென்ட் விட்டும் கணக்கு சரியாக வந்தது.

இன்னும் சில கேள்விகள்

*வசதியானவர்கள் வருவார்களா?*

நல்ல ரோடு, தண்ணீர், சட்டப்படியான அனுமதி, பஸ் வசதி இருந்தால் வருவார்கள். விலையையும் பத்திரத்தையும் பார்த்துத்தான் பெரும்பாலோர் மனை வாங்குகிறார்கள். ஆனால் சின்ன மனைகளை ஒரு மூலையில் சுவர் வைத்துப் பிரித்துவிட்டால் அது கலப்புக் குடியிருப்பு ஆகாது. தெரு பொதுவாக இருக்க வேண்டும், பூங்காவுக்கு வழி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

*சாதி?*

இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. நம் ஊர்களில் ஊர்த்தெரு வேறு, காலனி வேறு. அந்தக் கோட்டைப் புது நகரிலும் போட விடக் கூடாது. தமிழக அரசின் சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று பிரித்து, வீடுகளைக் கலந்து கொடுத்தார்கள். முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-ல் திறக்கப்பட்டது. நம் குழுக்களில் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். ஒரே தெருவில் குடியிருக்க முடியாதா?

*சின்ன மனைக்காரர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டால்?*

இது உண்மையான ஆபத்து. ஒருவரே நாலைந்து சின்ன மனைகளை வாங்கிச் சேர்த்து பங்களா கட்டினால் எல்லாம் வீண். நலிந்தோர் மனைகளை இணைக்கக் கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது. அதோடு மனை பெண் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரில் இருந்தால், ஒருவர் மட்டும் குடிபோதையில் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது. அவசரத்துக்கு விற்காமல் இருக்க, குழுவின் அவசரக் கடன் கைகொடுக்க வேண்டும்.

குழுக்கள் என்ன செய்யலாம்?

நாமே 5 ஏக்கர் வாங்கி மனை போடக் கிளம்பலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது பெரிய பொறுப்பு, அவசரப்பட்டால் சேமிப்பு முழுதும் போய்விடும். ஆனால் இன்றே தொடங்கக்கூடியவை உண்டு.

1. கணக்கெடுப்பு: குழுவில் சொந்த வீடு இல்லாதவர் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிகாரிகளிடம் "எங்களுக்கு வீடு இல்லை" என்று சொல்வதைவிட, பெயர் விவரத்தோடு பட்டியலை நீட்டுவது வலுவானது.

2. வீட்டுச் சேமிப்பு: வழக்கமான சேமிப்போடு தனியாக மாதம் 100 ரூபாயாவது போட்டு வாருங்கள். மும்பையில் நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் மகிளா மிலன் என்ற அமைப்பாகச் சேர்ந்து 1980-களில் இப்படித்தான் தொடங்கினார்கள். வீட்டுக்கென்று சேமித்தார்கள், எந்த அளவு வீடு வேண்டும் என்று தாங்களே மாதிரி செய்து பார்த்தார்கள்.

3. கோரிக்கை: கிராம சபையிலும், நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்திலும், புது மனைப்பிரிவில் நலிந்தோர் மனை ஒதுக்கப்பட்டதா என்று கேளுங்கள். அரசு நிலத்தில் திட்டம் வந்தால் ஊருக்கு அருகில், கலப்பாக வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் அமைக்கும் வழியையும் விசாரியுங்கள்.

4. திட்டங்கள்: நகரப் பகுதியில் சொந்த மனை உள்ளவர் தாமே வீடு கட்டிக்கொள்ள உதவும் பிரிவு, 2024-ல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. சின்னதாக ஒரு மனை கையில் இருந்தால்தான் அதற்கு மனுவே போட முடியும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையான சொத்துப் பதிவுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. பதியும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

• நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அனுமதி எண்ணும் உள்ளாட்சி அனுமதியும் இருக்கிறதா? "பஞ்சாயத்து அப்ரூவல்" மட்டும் போதாது. அனுமதியில்லாத மனைகளைப் பதிய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்குத்தான்.
• 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரேரா பதிவு எண் கேளுங்கள்.
• மூலப் பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.
• ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு இல்லையே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள்.
• மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நிலமே சொல்லும்.
• ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த உறுப்பினருடன் நம் கூட்டமைப்புப் பொறுப்பாளர்கள் இருவர் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் சட்ட உதவி மையத்துக்கும் போய்வருகிறார்கள். அவர் பணம் திரும்புமா என்று இன்று சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் தனியாக அலையவில்லை. அவர் மனை வாங்கும்போதே நாமும் கூடப் போயிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். அந்த வளை நாம் உழைக்கும் ஊருக்குள்ளேயே, நாலு பேரோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று நாம் சேர்த்துக்கொள்வோம். வரும் குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் வாசியுங்கள். வீடில்லாத உறுப்பினர் பட்டியலை அன்றே எழுதத் தொடங்கி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள்.